கடிக்காத கண்ணாடி

காலை நேர ரொட்டி வரிசையில் நின்றிருந்த ஒரு பெண்ணை ரம்ஸி பின்னாலிருந்து போய்க் கட்டிக்கொண்டான். அவள் பச்சைத் துணியால் தலையை மூடியிருந்தாள். அவனுடைய அக்கா இக்ராமிடமும் பச்சையில் ஒரு தலைத்துணி உண்டு. அக்காதான் தன்னைப் பார்க்க வந்திருக்கிறாள் என்று நினைத்துவிட்டான். அந்தப் பெண் அலறினாள். பக்கத்தில் நின்ற அவள் புருஷன் பிடித்துத் தள்ளிய வேகத்தில், ரொட்டி ஆறவைக்கும் பேரீச்ச மட்டைத் தட்டுகளின்மேல் ரம்ஸி போய் விழுந்தான். தட்டுகள் சரிந்தன. சூடான ரொட்டிகள் தெருவில் உருண்டு சாக்கடைவரை போயின.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த ஷாபான் மாமா வெள்ளைக் கையோடு ஓடிவந்தார். கடை அவருடையது. அங்கே வேலை பார்த்த ரம்ஸியும் அவன் அக்கா இக்ராமும் அவருடைய தங்கை பிள்ளைகள். தங்கையும் அவள் கணவரும் இறந்தபிறகு அந்த இருவருக்கும் பெரியவர் என்று இருந்தது அவர் ஒருவர்தான்.

"ஏங்க, கையை எடுங்க! அவன் வேணும்னு பண்ணல. முகத்தைப் பார்த்தாத் தெரியலையா?"

அந்த மனிதர் அப்போதுதான் ரம்ஸியின் முகத்தை நேராகப் பார்த்தார். வட்ட முகம், சரிந்த சின்னக் கண்கள், தட்டையான மூக்கு. ரம்ஸிக்குப் பிறவியிலேயே டவுன் சிண்ட்ரோம். ஓங்கிய கை தானாக இறங்கியது. அவர் குனிந்து ரொட்டிகளைப் பொறுக்க ஆரம்பித்தார். "தெரியாமப் போச்சுங்க, மன்னிச்சுக்கங்க," என்று ஷாபானிடம் சொன்னார். ரம்ஸியிடம் சொல்லவில்லை.

ரம்ஸியின் உதடு கிழிந்து ரத்தம் கசிந்தது. அவனுடைய மூக்குக் கண்ணாடி ஏப்ரன் பைக்குள் பத்திரமாக இருந்தது.

மதியம் தொழிற்சாலையிலிருந்து இக்ராம் அரை நாள் விடுப்பில் ஓடிவந்தாள். எகிப்தின் மன்சூரா நகருக்கு வெளியே ஒரு தையல் ஆலையில் அவளுக்கு வேலை. தைத்து வரும் கால்சட்டைகளில் தையல் விட்டிருக்கிறதா என்று பார்ப்பாள். மாமா அவளைக் கடைக்குப் பின்னால் மாவு மூட்டைகளுக்கு நடுவே உட்காரவைத்தார்.

"கேளும்மா. நாளையிலேர்ந்து அவன் வீட்லயே இருக்கட்டும்."

"இங்க வராம அவன் எங்க மாமா போவான்?"

"நான் என்ன அவனைத் துரத்தறேனா? இன்னிக்கு வந்த ஆள் நல்லவன். விட்டுட்டான். நாளைக்கு ஒருத்தன் கத்தியைத் தூக்கிட்டு வந்தா நான் என்ன பண்ண? கண்ணாடியைப் போட்டுக் கூட்டிட்டு வா. சந்தோஷமா வேலை தரேன். போடமாட்டேன்னு பிடிவாதம் பிடிச்சா..."

"அது கடிக்குது," என்றான் ரம்ஸி. உதட்டில் பஞ்சை அழுத்தியபடி வாசலில் நின்றுகொண்டிருந்தான்.

"செருப்பு கடிக்கும், கேள்விப்பட்டிருக்கேன். கண்ணாடி கடிக்குமாடா மாப்ள?"

அடுப்புப் பக்கம் நின்ற ஆட்கள் சிரித்தார்கள். இக்ராமுக்கும் சிரிப்பு வந்தது. கண்ணாடி கடிக்கிறது என்று அவன் சொல்வது இது முதல் தடவையல்ல. ஒரு கண்ணாடி மாவு மூட்டைக்குள் கிடைத்தது. இன்னொன்றைப் பக்கத்து வீட்டு மொட்டைமாடிப் புறாக்கூண்டில் கண்டுபிடித்தார்கள். ஒன்று எங்கே போனது என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. கண்ணாடி இல்லாமல் அவனுக்குக் கைக்கெட்டும் தூரத்துக்கு அப்பால் எல்லாமே புகைதான். இருந்தும் மூக்கில் மாட்டிய அரைமணி நேரத்தில் கழற்றிப் பையில் போட்டுவிடுவான்.

மறுநாள் காலை ரம்ஸி வழக்கம்போல எழுந்து ஏப்ரனைக் கட்டிக்கொண்டு வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தான். போக வேண்டாம் என்று இக்ராம் சொன்னாள். அவன் எழுந்திருக்கவில்லை. மாலை அவள் திரும்பி வந்தபோதும் அதே நாற்காலியில் அதே ஏப்ரனோடு இருந்தான். வைத்துவிட்டுப் போன சோறு அப்படியே ஆறிக்கிடந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே.

ஆலையில் பக்கத்து மேசைக்காரிதான் புதுத் தெருவில் இன்ஷிரா என்ற பெண்மணி நடத்தும் கண்ணாடிக் கடையைப் பற்றிச் சொன்னாள். "பெரிய கடைல வேலை பார்த்துட்டு இப்பத் தனியாப் போட்டிருக்காங்க. பொறுமையாப் பார்ப்பாங்க. தம்பியைக் கூட்டிட்டுப் போய்ப் பாரேன்."

கடை குறுகலாக இருந்தது. இருபக்கச் சுவரிலும் பிரேம்கள். நடுவில் ஒரு ஆள் நடக்கலாம். இன்ஷிரா பருத்த உடம்புக்காரி. அந்த இடைவெளியில் அவள் பக்கவாட்டில்தான் நகர்ந்தாள். தன் கண்ணாடியை நெற்றிமேல் ஏற்றிவைத்துக்கொண்டு, "யாருக்கு?" என்றாள்.

"தம்பிக்கு, டாக்டர்."

"நான் டாக்டர் இல்லம்மா, கண்ணாடிக்காரி," என்றவள் ரம்ஸி பக்கம் திரும்பினாள். "உக்காருங்க. உங்க பேரு?"

இதுவரை போன கடைகளில் எல்லாரும் இக்ராமிடம்தான் பேசியிருந்தார்கள். ரம்ஸி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தான். "ரம்ஸி. கால்பந்துல நீங்க அஹ்லி கட்சியா, ஸமாலிக் கட்சியா?"

"எங்க வீட்ல எல்லாருமே அஹ்லி."

"அப்ப உங்ககிட்ட வாங்கலாம்," என்றான் ரம்ஸி.

இன்ஷிரா குலுங்கிச் சிரித்தாள். சிரித்து முடித்துவிட்டு அவனுடைய பழைய கண்ணாடியை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "இது நல்லாத்தானே இருக்கு. ஏன் போடறதில்ல?"

"கடிக்குது."

"அவன் அப்படித்தான் மேடம், சாக்கு சொல்லுவான்," என்றாள் இக்ராம்.

"எங்க கடிக்குது? காட்டுங்க பார்ப்போம்."

ரம்ஸி இரண்டு காதுகளையும் கையால் முன்பக்கம் மடித்துக் காட்டினான். இதுவரை யாரும் காட்டச் சொன்னதில்லை. இன்ஷிரா விளக்கை இழுத்து அருகில் பிடித்தாள். முடி மறைத்த இடத்தில், காதுக்கும் தலைக்கும் நடுவிலிருந்த மடிப்பில், தோல் உரிந்து சிவந்து கிடந்தது. பழைய புண் காய்ந்து, அதன்மேல் புதுப்புண் வந்து, சில இடங்களில் கறுத்திருந்தது. இக்ராம் எட்டிப் பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள்.

"கண்ணாடி நழுவுது நழுவுதுன்னு நான்தான் கடைக்காரன்கிட்டச் சொல்லிக் கம்பியை நல்லா இறுக்கி வளைக்கச் சொன்னேன்," என்றாள்.

"நீங்க என்ன பண்ணுவீங்க? இங்க பாருங்க," என்று இன்ஷிரா கண்ணாடியை அவன் முகத்தில் மாட்டினாள். "மூக்குத் தண்டு மேல தட்டையா இருக்கு. உக்கார இடமில்லாம கண்ணாடி கீழ இறங்கிடுது. இறங்கினா இவரு லென்ஸ் வழியாப் பார்க்காம மேல வழியாப் பார்க்கறாரு. காதுக் கம்பி வேற ரொம்ப நீளம். அதை இழுத்துப் பிடிக்கணும்னு வளைச்சா கொக்கி மாதிரிக் குத்துது. போதாக்குறைக்கு இந்த உலோகம் சிலருக்கு ஒத்துக்காது, வேர்வை பட்டாப் புண்ணாக்கிடும். இந்தக் கண்ணாடியைச் செஞ்சவன் இவரு முகத்தை நினைச்சுச் செய்யல. அவ்வளவுதான் விஷயம்."

"சொன்னேன்ல?" என்றான் ரம்ஸி அக்காவைப் பார்த்து.

அவள் அவன் தலையைத் தடவினாள்.

ரம்ஸி அதற்குள் எழுந்து சுவரிலிருந்து ஒரு தடிமனான கறுப்பு பிரேமை எடுத்து மாட்டிக்கொண்டு நிலைக்கண்ணாடியில் தன்னைப் பார்த்தான். இடுப்பில் கைவைத்துத் தலையைச் சாய்த்தான். "இதுதான் வேணும். சினிமாக்காரன் மாதிரி இருக்கு."

"நல்லாத்தான் இருக்கு. கொஞ்சம் தலையைக் குனிங்க."

குனிந்தான். பிரேம் தொபுக்கென்று இன்ஷிராவின் மடியில் விழுந்தது. ரம்ஸிக்கே சிரிப்பு வந்துவிட்டது. மறுபடி மாட்டி மறுபடி குனிந்தான். மறுபடி விழுந்தது. இன்ஷிரா அவனுடைய ஒரு கையில் அந்தக் கறுப்பையும் இன்னொரு கையில் நீல நிறத்தில் வேறொன்றையும் வைத்தாள்.

"எது கனம்?"

"கறுப்பு." நீலத்தைத் தூக்கிப் பார்த்தான். "இதுல ஒண்ணுமே இல்ல."

"இது ஒரு மாதிரி பிளாஸ்டிக். வளையும், உடையாது, ரொம்ப லேசு. மூக்குல உக்காரற இடத்துல மெத்து மெத்துன்னு ஒரு பட்டை ஒட்டித் தரேன். புண்ணு மேல அழுத்தம் இருக்காது."

கறுப்பைத் திரும்பச் சுவரில் மாட்டிவைக்க ரம்ஸிக்கு மனசே வரவில்லை. இருந்தாலும் நீலத்துக்கு ஒத்துக்கொண்டான். லென்ஸ் வந்து அவன் அதை மாட்டிக்கொண்டு கடைக்கு வெளியே வந்த அன்று, நடைபாதையில் அப்படியே நின்றுவிட்டான். எதிர்க்கடைத் துணிகள், கம்பியில் உட்கார்ந்திருந்த குருவிகள், மாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த கிழவி என்று ஒவ்வொன்றையும் விரல் நீட்டிக் காட்டினான். பிறகு அக்காவைப் பார்த்தான். தலைத்துணிக்கு வெளியே வந்திருந்த முடியைப் பார்த்தான்.

"அக்கா! உனக்கு வெள்ளை முடி!"

"கத்தாதடா, ஊருக்கெல்லாம் கேக்குது."

"நிறைய இருக்கு!"

"கண்ணாடியைக் கழட்டு," என்றாள் இக்ராம். கழற்றவிடாமல் அவளே அவன் கையைப் பிடித்தும் கொண்டாள்.

மாமா சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினார். மறுநாளே ரம்ஸி கடைக்குத் திரும்பினான். அடுப்பிலிருந்து வந்து விழும் ரொட்டிகளை எடுத்துத் தட்டுகளில் பரப்புவது அவன் வேலை. அடுப்பு வாய்க்கு நேராக நிற்க வேண்டும். ஜூலை மாதம். வெளியிலேயே தார் இளகிக்கொண்டிருந்தது.

அந்த வாரக் கடைசியில் இக்ராம் கடைக்கு வந்தபோது மாமாவும் ஆட்களும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்கள். ரம்ஸியின் இரண்டு காதுக்கு மேலும் பெரிய மாவு உருண்டைகள். கண்ணாடிக் கம்பியை மாவு வைத்துத் தலையோடு ஒட்டியிருந்தான். அனல் பட்டு மாவு காய்ந்து முடியோடு கெட்டியாகிவிட்டது.

"என்னடா இது?"

"வேர்வைல கண்ணாடி ஓடுது. பிடிச்சு வெச்சேன்," என்றான்.

அவனுக்கு நோகாமல் மாவை எடுக்க இக்ராம் வெந்நீரோடு வெகுநேரம் போராடினாள். அப்போதுதான் லென்ஸைப் பார்த்தாள். மேலெல்லாம் சிலந்திவலைபோல மெல்லிய விரிசல். கையால் தேய்த்தாள். போகவில்லை. மாமா வாங்கி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். அவர் சிரிப்பு நின்றது.

"புதுசும்மா இது."

"தெரியும் மாமா."

"சரி விடு. நீ பண்ண வேண்டியதெல்லாம் பண்ணிட்ட. அவனுக்குக் கொடுத்து வெச்சது அவ்வளவுதான். மாசாமாசம் அவன் சம்பளத்தை நான் வீட்டுக்கே அனுப்பிடறேன். அவன் நிம்மதியா வீட்ல இருக்கட்டும்."

நல்ல மனசோடுதான் சொன்னார். அதனால்தான் இக்ராமால் எதிர்த்துப் பேச முடியவில்லை. அன்று இரண்டு பேரும் வீட்டுக்கு நடந்தபோது ரம்ஸி அவள் கையை உதறிவிட்டு முன்னால் போனான்.

மறுநாள் ஆலையில் மதிய இடைவேளையில் வீட்டுக்குப் போன் செய்தாள். எடுக்கவில்லை. பக்கத்து வீட்டுக்காரி போய்ப் பார்த்துவிட்டுக் கதவு சாத்தியிருக்கிறது, ஆள் இல்லை என்றாள். இக்ராம் மேலதிகாரியிடம்கூடச் சொல்லாமல் கிளம்பினாள். மாமாவின் கடையில் ரம்ஸி இல்லை. மசூதி முற்றத்தில் இல்லை. மாமா கடையை அப்படியே போட்டுவிட்டு ஆற்றங்கரைப் பக்கம் ஓடினார். இக்ராம் சந்தைக்குள் ஒவ்வொரு கடையாகக் கேட்டுக்கொண்டே போனாள். "வட்ட முகமா, நீலக் கண்ணாடி போட்டிருப்பான்..." என்று சொல்லும்போதே அழுகை வந்துவிட்டது. ரம்ஸி தனியாகத் தெரு முனையைத் தாண்டியதே இல்லை. அவன் பிறந்ததிலிருந்து அம்மாவோ அவளோ அவன் கையைப் பிடித்தபடியேதான் இருந்தார்கள்.

அப்போது அவள் போன் அடித்தது. புது எண்.

"இக்ராம்மா? நான் இன்ஷிரா, கண்ணாடிக்கடை. பதறாதீங்க. உங்க தம்பி இங்கதான் டீ குடிச்சிட்டிருக்காரு."

"அங்கயா? யார் கூட்டிட்டு வந்தா?"

"யாரும் இல்ல. நடந்தே வந்திருக்காரு. கேக்கறீங்களா?"

போனில் ரம்ஸியின் மூச்சு கேட்டது. "அக்கா, இது கடிக்கல. ஆனா ஓடுது. அதச் சொல்ல வந்தேன்."

இக்ராம் ஒரு தக்காளி வண்டியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன. புதுத் தெருவுக்குப் போக வேண்டுமென்றால் ரயில் தண்டவாளத்தைத் தாண்டி, சந்தையைக் கடந்து, பெரிய சாலையில் மினிபஸ்களுக்கும் ஆட்டோக்களுக்கும் நடுவே புகுந்து போக வேண்டும். ஒரு கையால் கண்ணாடியை மூக்கோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அவன் அத்தனையையும் தாண்டியிருந்தான். வழி கேட்டானா என்று பிறகு விசாரித்தபோது, "எதுக்கு? எனக்குத்தான் தெரியுதே," என்றான்.

அவள் கடைக்குள் நுழைந்தபோது அவன் மூன்றாவது டீயில் இருந்தான். அவனை அடிப்பதா அணைப்பதா என்று தெரியாமல் இரண்டையும் செய்தாள். இன்ஷிரா விரிசல் விட்ட லென்ஸை விளக்கடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இது நல்ல அனல்ல இருந்திருக்கு. பளபளப்பு அடிக்காம இருக்க மேல ஒரு பூச்சு போடுவாங்க. சூடு பட்டா அதுதான் முதல்ல வெடிக்கும். ரம்ஸி, நீங்க எங்க வேலை பார்க்கறீங்க?"

"ரொட்டி அடுப்புல."

இன்ஷிரா நெற்றியில் அடித்துக்கொண்டாள். "முகத்தை மட்டும் பார்த்தேன், வேலையைக் கேக்கவே இல்ல பாருங்க. வாங்க, போய்ப் பார்த்துடுவோம்."

"எங்க?"

"அடுப்பைத்தான்."

கடையைப் பூட்டிவிட்டு ஒரு துணிப்பையில் பழைய பிரேம்களை அள்ளிப் போட்டுக்கொண்டு அவர்களோடு கிளம்பினாள். ஆற்றங்கரையிலிருந்து மூச்சிரைக்கத் திரும்பியிருந்த மாமா, ஒரு பெண்மணி அடுப்பு வாய்க்கு முன்னால் நின்று ஒவ்வொரு கண்ணாடியாக மாட்டிக் கழற்றுவதைப் பார்த்துத் திகைத்தார்.

"ரொட்டிக்கடைல கண்ணாடிக்கடை நடத்தறீங்களா?"

"என் கடைல உங்க மருமகன் டீக்கடை நடத்தினாரு. அதுக்கு இது சரியாப் போச்சு," என்றாள் இன்ஷிரா. முகமெல்லாம் வேர்த்து ஊற்றியது.

முதலில் ரம்ஸி ஆசைப்பட்ட அதே கறுப்புத் தடி பிரேம். சிறிது நேரத்தில் அதன் காதுக் கம்பிகள் இளகி இரண்டு பக்கமும் விரிந்துகொண்டன. கழற்றி ரம்ஸியிடம் கொடுத்தாள்.

"செத்துப்போச்சா?" என்றான்.

"ஆமா ரம்ஸி, போயிடுச்சு."

அவன் அதைக் கவலையோடு தடவிப் பார்த்தான். அடுத்து ஒரு சாதாரண உலோக பிரேம். "ஆ!" என்று கத்திக்கொண்டு கழற்றினாள், கன்னத்தில் சிவப்பாகக் கோடு விழுந்திருந்தது. நீல பிளாஸ்டிக்குக்குச் சூட்டால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் வேர்வையில் வழுக்கியது. அதைக் காதுக்கு ஏற்றபடி வளைத்தாலும் ரப்பர்போலத் திரும்பவும் நேராகிவிடும், அதுதான் அதன் குறை என்றாள். கடைசியாக, கம்பிபோல மெல்லியதாக, சாம்பல் நிறத்தில் ஒன்று. அதை மாட்டிக்கொண்டு நின்றாள். ஒரு அடி பின்னால் வந்தாள். விரலால் தொட்டுப் பார்த்தாள். மறுபடி முன்னால் போனாள்.

"டைட்டானியம். இதுவும் சுடுது, பொய் சொல்லமாட்டேன். ஆனா மெல்லிசா இருக்கறதால சட்டுனு ஆறிடுது. துரு பிடிக்காது, தோலுக்கு ஒத்துக்கும், கனமே இல்ல. முக்கியமா, குறடு வெச்சு நான் வளைச்சா வளைச்ச மாதிரி நிக்கும். தோல்ல படற இடத்துக்கெல்லாம் சிலிக்கான் உறை போட்டுடலாம். லென்ஸுக்கு அந்தப் பூச்சே வேணாம்."

"இது நிக்கும்னு உத்தரவாதம் உண்டா?" என்றார் மாமா.

"போன தடவையும் நிக்கும்னுதான் நினைச்சேன். இந்தத் தடவை இவரைக் கேட்டுக் கேட்டுச் செய்யறேன்."

மாமா ஒரு காகிதத்தில் சூடான ரொட்டிகளைச் சுற்றி அவளிடம் நீட்டினார். அவர் அப்படித்தான் சம்மதம் சொல்வார்.

பிரேம் கெய்ரோவிலிருந்து வர வேண்டியிருந்தது. வந்தபிறகு ரம்ஸி பல நாள் மாலைகளில் இன்ஷிராவின் நாற்காலியில் உட்கார்ந்தான். காதுக் கம்பிகள் அவனுக்கு நீளம். முனையை வெட்டித் தேய்த்து, கடைசிப் பகுதியைக் காதைச் சுற்றிக் கட்டிக்கொள்ளும்படி வட்டமாக வளைத்தாள். மூக்கில் உட்காரும் பட்டைகளின் கம்பிகளைக் குறட்டால் அகட்டிக் கீழே இறக்கினாள். பட்டைகள் இறங்க இறங்க லென்ஸ் மேலே ஏறி அவன் கண்ணுக்கு நேராக வந்தது.

"இந்த உலோகத்துக்கு ஒரு குணம் உண்டு," என்றாள் இன்ஷிரா, பல்லைக் கடித்துக் குறட்டை அழுத்தியபடி. "வளைச்சாப் பழைய இடத்துக்கே திரும்பப் பார்க்கும். நமக்கு வேணுங்கறதைவிடக் கொஞ்சம் அதிகமா வளைச்சாத்தான் வழிக்கு வரும்."

"என் தம்பி மாதிரின்னு சொல்லுங்க," என்றாள் இக்ராம்.

"இடது பக்கம்," என்றான் ரம்ஸி. "இடது பக்கம் தொடுது."

இன்ஷிரா பார்த்தாள். அவன் இடது காது வலது காதைவிடக் கொஞ்சம் கீழே இருந்தது. அந்தப் பக்கத்தை இறக்கினாள். "இப்ப?"

"இன்னும் தொடுது."

"இப்ப?"

அவன் கண்ணை மூடி யோசித்தான். "இப்ப இல்ல."

எழுந்து நின்று தலையை ஆட்டினான். குதித்தான். தொழுகையில் குனிவதுபோல முழுசாகக் குனிந்து, நெற்றியைத் தரையில் வைத்து நிமிர்ந்தான். கண்ணாடி இருந்த இடத்திலேயே இருந்தது. வழிப்போக்கர்கள் இரண்டு பேர் கடைக்கு வெளியே நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

ஒரே ஒரு மனக்குறை அவனுக்கு. நிறம். "சாம்பல் நல்லா இல்ல."

"இந்த அளவுல சாம்பல்தான் வருது ரம்ஸி." இன்ஷிரா இழுப்பறையைத் திறந்து சிலிக்கான் உறைகளைக் கொட்டினாள். "இதுல எந்த நிறம் வேணுமோ எடுத்துக்கங்க."

யோசிக்கவே இல்லை. சிவப்பை எடுத்தான். ஷாபான் மாமா பரம்பரை ஸமாலிக் ரசிகர். அவருடைய கடையில் அஹ்லியின் சிவப்பில் ஒரு துணிகூடத் தொங்க முடியாது. மறுநாள் காதோரம் சிவப்பு மின்ன வந்து நின்ற மருமகனை அவர் இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"வேற நிறமே கிடைக்கலையாடா உனக்கு?"

"இருந்துச்சு மாமா. நான்தான் இதை எடுத்தேன்."

"துரோகி. போ, போய் வேலையைப் பாரு."

அன்று மாலைவரை கண்ணாடி அவன் முகத்தைவிட்டு இறங்கவில்லை. மறுநாளும் இறங்கவில்லை. வெயில் உச்சத்துக்கு வரும்போது சற்றுப் பின்னால் வந்து முகத்தைத் துடைத்துக்கொண்டு மறுபடி போய் நிற்பான். சில வாரங்களில் மாமா ஒன்றைக் கவனித்தார். உப்பாமல் போன ரொட்டியையும் அடி கருகியதையும் ரம்ஸி தனியாக எடுத்துவைக்கத் தொடங்கியிருந்தான். யாரும் சொல்லித்தரவில்லை. முன்பு அவனுக்கு அவை தெரிந்ததே இல்லை. இலையுதிர்காலம் வந்தபோது அடுப்பில் நின்ற ஆள் வேறு ஊருக்குப் போய்விட, ரொட்டியை உள்ளிருந்து இழுக்கும் நீண்ட துடுப்பை மாமா ரம்ஸியின் கையில் கொடுத்தார். கொடுத்துவிட்டு ஒரு வாரம் அவன் பின்னாலேயே நின்றார். பிறகு நிற்கவில்லை. அந்த மாதத்திலிருந்து சம்பளத்தையும் இக்ராமிடம் தராமல் அவன் கையிலேயே கொடுத்தார்.

மாதத்துக்கு ஒருமுறை ரம்ஸி திருகாணியை முடுக்கிக்கொள்ள இன்ஷிராவின் கடைக்குப் போய்வந்தான், போகும்போது கையில் சூடான ரொட்டியோடு. அங்கே வேறு பிள்ளைகளும் வர ஆரம்பித்திருந்தார்கள். அவனைப்போன்ற முகம் உள்ள ஒரு சின்னப் பெண், அவள் அம்மா, தன்தா நகரத்திலிருந்து வந்த ஒரு பையன். சின்ன அளவு பிரேம்களை இன்ஷிரா இப்போது ஒரு முழுத் தட்டு நிறைய வாங்கி வைத்திருந்தாள். வருகிறவர்களிடம் ரம்ஸி முதலில் கேட்பது எங்கே கடிக்கிறது என்றுதான். அடுத்து எந்த அணி என்று கேட்பான்.

ஒரு நாள் காலை, வாசலில் செருப்பை மாட்டும்போது, "நீ வர வேணாம். ரொட்டிக்கடைக்கு நானே போறேன்," என்றான். இக்ராம் சரி என்றாள். சொல்லிவிட்டு மாடி முகப்புக்கு ஓடினாள். அவன் தெருவில் இறங்கி நடந்தான். குறுக்கே புகுந்த ஒரு ஆட்டோக்காரனை நிறுத்தி ஏதோ திட்டினான். ஆட்டோக்காரன் சலாம் போட்டுச் சிரித்துவிட்டுப் போனான். ரம்ஸி முனையில் திரும்பி மறைந்தான். மேலே ஒரு தடவைகூடப் பார்க்கவில்லை.

அவளுக்கு அன்று ஆலைக்குப் போக நேரம் நிறைய இருந்தது. அவனைக் கடையில் விட்டுவிட்டு ஓடி ஓடிப் பஸ் பிடித்தே பழகியவள், மெதுவாக நடந்தாள். இடது கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. கொஞ்ச தூரம் வீசி நடந்தாள், பிறகு பைக்குள் விட்டுக்கொண்டாள். பஸ் நிறுத்தத்தில் ஃபூல் வண்டிக்காரனிடம் அவித்த அவரை அடைத்த ரொட்டி ஒன்று வாங்கினாள்.

"ஊறுகாய் வைக்கட்டுமா அக்கா?"

"வை. மிளகாயும் வை," என்றாள். அங்கேயே வண்டியோரமாக நின்று நிதானமாகச் சாப்பிட்டாள். முதல் பஸ் வந்து போனது. அடுத்ததில் ஏறிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டாள்.